குயின் மேரி: கப்பலுக்கு நாலரை ஸ்டார், லாங் பீச் சிட்டி போட்ட டீலுக்கு ரெண்டு

முதல்லயே சொல்லிடறேன், இது ஒரு ரிவ்யூ இல்ல, ரெண்டு. கலிஃபோர்னியா லாங் பீச்ல நிரந்தரமா நிறுத்தி வெச்சிருக்கிற குயின் மேரிங்கிற பழைய பயணிகள் கப்பல சுத்திப் பாத்து அதுலயே ஒரு ராத்திரி தங்கினது பத்தி ஒண்ணு, "ஊருக்கு பேர் கிடைக்கும், கூட்டம் வரும்"னு நம்பி ஒரு சிட்டி ஒரு கப்பலுக்கு நிரந்தரமா இடம் குடுத்தா என்ன ஆகும்ங்கிறது பத்தி இன்னொண்ணு. டிக்கெட் எடுக்கலாமா வேணாமான்னு மட்டும் தெரிஞ்சா போதும்னா, எடுக்கலாம், தாராளமா எடுக்கலாம், நீங்க கிளம்பலாம். மத்தவங்க உக்காருங்க, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

துறைமுகம் இருக்கிற ஊர்கள்ல இந்த பேச்சு அப்பப்ப கிளம்பிட்டே இருக்கும். டிவில வர மீன்பிடி படகோ, ரிட்டையர் ஆன போர்க்கப்பலோ, பேர் போன எதோ ஒண்ணு வரும், "எங்களுக்கு பெர்த் வாடகை (கப்பல் நிக்கிற இடத்துக்கு வாடகை) போடாதீங்க, பதிலுக்கு உங்க ஊர் பேர உலகம் பூரா தெரிய வெக்கிறோம்"னு ஒரு ஆஃபர். கேக்க ஜோராத்தான் இருக்கும். ஆனா அதே துறைமுகத்துல அடிக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் வாடகை கட்டிட்டு இருக்கிற சாதா படகுக்காரன் எந்திரிச்சு "அப்ப நான் என்ன இளிச்சவாயனா"ன்னு கேப்பான், அதுல நியாயமும் இருக்கு. பேருக்கு விலை போடறது எப்படின்னு யாருக்கும் தெரியாததால விவாதம் எப்பவும் அந்தரத்துலயே நிக்கும். அந்த மாதிரி ஒரு டீல் 50 வருஷத்துக்கு மேல ஓடினா எப்படி இருக்கும்னு கண்ணால பாக்கணும்னா லாங் பீச்தான் போகணும். இவங்க இடம் குடுத்தது மட்டும் இல்ல, கப்பலயே காசு போட்டு வாங்கிட்டாங்க.

சரி, மொதல்ல கப்பல்.

1,019 அடி நீளம். டைட்டானிக்க விட 130 அடிக்கு மேல பெருசு, அத எல்லாரும் சொல்றாங்க, பக்கத்துல போய் நிக்கும்போதுதான் அதோட அர்த்தம் புரியும், கறுப்பு ஹல் (கப்பலோட வெளிக்கூடு) ஒரு பெரிய சுவர் மாதிரி போயிட்டே இருக்கு, முடியவே மாட்டேங்குது. ஒரு கோடிக்கு மேல ரிவெட் அடிச்சு சேத்த தகடு, வெல்டிங் காலத்துக்கு முந்தின வேலை, கிட்ட போய் பாத்தா வரிசை வரிசையா அந்த புடைப்புகள் தெரியும். ஊர்லருந்து வந்திருந்த அப்பாவயும் கூட்டிட்டு போயிருந்தேன், அவர் துறைமுகத்துல மெக்கானிக்கல் செக்‌ஷன்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர். எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு இருக்காங்க, இவர் தண்ணி மட்டத்துக்கிட்ட ஹல்லயே மொறச்சு பாத்துட்டு நின்னார். "ஏண்டா, இதுக்கு யாரு பெயிண்ட் அடிக்கிறது?"

நான் சிரிச்சேன். அப்புறம் அவர் பாட்டுக்கு ஆரம்பிச்சிட்டார். ஓடுற சரக்கு கப்பலா இருந்தா அஞ்சு வருஷத்துல ரெண்டு தடவையாவது அடிப்பாகத்த சோதிச்சாகணும், ட்ரை டாக்ல (தண்ணி இல்லாம கப்பல நிறுத்தி வேலை பாக்கிற இடம்) ஏத்தி சுரண்டி பெயிண்ட் அடிச்சு, துரு பிடிக்காம இருக்க ஒட்டியிருக்கிற ஜிங்க் கட்டிகள மாத்தி இறக்குவாங்க. இது நிக்கிற எடத்த பாருங்க, சுத்தி பாறைய கொட்டி கரை கட்டி குளம் மாதிரி அடைச்சிருக்காங்க. உள்ள வந்த கப்பல் வெளிய போகணும்னா மொதல்ல அந்த கரைய உடைக்கணும். இவங்க கடைசியா ட்ரை டாக்ல ஏத்தினது 1968-ல, ஓட்டலா மாத்தறதுக்கு முன்னாடி. இத வாசல்லயே தெரிஞ்சுகிட்டு உள்ள போனா மத்ததெல்லாம் வேற மாதிரி தெரியுது.

உள்ள போனா அப்படியே 1936. அந்த வருஷம் மே 27-ம் தேதி சவுத்தாம்ப்டன்லருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் கிளம்பின கப்பல். கட்டினது ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க்ல ஜான் பிரவுன் யார்டு. அங்கயே ஒரு கதை இருக்கு, பாதி கட்டும்போது பொருளாதார மந்தம் வந்து 1931 டிசம்பர்ல வேலை நின்னு போச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேல துரு பிடிச்சு நின்னுச்சு, அப்புறம் பிரிட்டிஷ் அரசாங்கம் "குனார்டு, ஒயிட் ஸ்டார்னு ரெண்டு கப்பல் கம்பெனியும் ஒண்ணா சேருங்க, அப்பத்தான் கடன்"னு கண்டிஷன் போட்டு பணம் குடுத்துதான் 1934-ல வேலை திரும்ப ஆரம்பிச்சுது. பொது பணம் இல்லாம இந்த கப்பல் பொறந்தே இருக்காது.

மரவேலைய பத்தி ஒரு தனி பதிவே போடலாம். 56 வகை மரம் உபயோகிச்சிருக்காங்க. ஃபர்ஸ்ட் கிளாஸ் டைனிங் ஹால்ல (இப்ப கிராண்ட் சலூன்னு சொல்றாங்க, கல்யாணம் எல்லாம் நடத்துறாங்க) ஒரு சுவர் பூரா அட்லாண்டிக் கடல் மேப், ஒரு பக்கம் நியூயார்க், இன்னொரு பக்கம் லண்டன், நடுவுல குளிர்காலத்துக்கு ஒண்ணு கோடைக்கு ஒண்ணுன்னு ரெண்டு பாதை. அந்த பாதைல ஒரு சின்ன கண்ணாடி கப்பல் மோட்டார்ல நகரும், இன்னிக்கு நாம எங்க இருக்கோம்னு பயணிங்க சாப்பிட்டுகிட்டே பாப்பாங்களாம். இப்ப ஃப்ளைட்ல சீட்டுக்கு முன்னாடி மேப் பாக்கறோமே, அது 1936-லயே இருந்துருக்கு. எனக்கு மொத்த கப்பல்ல பிடிச்சது இந்த ஒரு சுவர்தான்.

முன்பக்கம் அப்சர்வேஷன் பார். வளைஞ்ச பார் கவுண்டர், அதுக்கு மேல 1935-ல அரசரோட வெள்ளி விழாவ ஜனங்க கொண்டாடற மாதிரி ஒரு ஓவியம், உலோக ரெயிலிங் எல்லாம் அந்த காலத்து ஆர்ட் டெக்கோ டிசைன். சாயங்காலம் சூரியன் எறங்கற நேரத்துல ஜன்னல்கிட்ட எடம் கிடைச்சா விடாதீங்க. ட்ரிங்க்ஸ் பத்தி எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல, நான் காபி ஆளு.

ரூம். இது நிஜமான பழைய கேபின், அத ஞாபகம் வெச்சுகிட்டு புக் பண்ணுங்க. ஃபைவ் ஸ்டார் ஓட்டல் மாதிரி எல்லாம் புத்தம் புதுசா வழுவழுன்னு எதிர்பாக்கிறவங்களுக்கு இது இல்ல. ஜன்னல் வட்டமா சின்னதா இருக்கும், பால்கனி கிடையாது, சுவர் பூரா மரம், நடந்தா சத்தம் வரும். ஆனா நிறைய பாத்ரூம்ல பழைய குழாய்கள அப்படியே விட்டு வெச்சிருக்காங்க, நாலு குழாய், நல்ல தண்ணி சூடு, நல்ல தண்ணி பச்சை, உப்புத்தண்ணி சூடு, உப்புத்தண்ணி பச்சை. உப்புத்தண்ணில குளிக்கிறது அப்ப ஒரு வைத்தியம் மாதிரி. இப்ப அதுல உப்புத்தண்ணி வராது, சும்மா அழகுக்கு. காரிடார்ல நடக்கும்போது ஒரு முனைல நின்னு பாத்தீங்கன்னா தரை நேரா இல்லாம நடுவுல பள்ளமா ரெண்டு பக்கமும் மேல ஏறும், கப்பலோட வளைவு அது. ராத்திரி ஒரு மணிக்கு தூக்கம் வராம அந்த காரிடார்ல நடந்தேன், ஒரு ஆளு இல்ல, அந்த வளைவ பாக்க கொஞ்சம் தலைய சுத்தற மாதிரிதான் இருந்துச்சு, பேய் கதைங்க எங்கருந்து கிளம்புதுன்னு புரிஞ்சுது.

ஆமா பேய். பி340-ன்னு ஒரு ரூம் இருக்கு, அதுக்கு தனி மார்க்கெட்டிங். பேய் டூர், ராத்திரி டூர், டிவி ப்ரோக்ராம் எல்லாம் உண்டு. எனக்கு இதுல ஒரு எரிச்சல். 1943 ஜூலைல ஒரே பயணத்துல 16,683 பேர ஏத்திகிட்டு அட்லாண்டிக்க தாண்டின கப்பல் இது, சாம்பல் கலர் அடிச்சு ஹிட்லரோட நீர்மூழ்கிங்களுக்கு சிக்காம ஓடினதால கிரே கோஸ்ட்னு (சாம்பல் பேய்) பேரே வந்துச்சு. 1942 அக்டோபர் 2-ம் தேதி தனக்கு காவலா வந்த குரகோவாங்கிற கப்பல நடுவுல இடிச்சு ரெண்டா பொளந்துட்டு, 300 பேருக்கு மேல செத்தும், நிக்கக் கூடாதுன்னு ஆர்டர் இருந்ததால நிக்காம போன கப்பல். இத விட என்ன பேய் கதை வேணும்? ஆனா கூட்டம் வர்றது பி340-க்கு. பேர் வேணும்னு ஒரு கப்பல வாங்கினா என்ன பேர் வரும்னு நம்ம கைல இல்ல.

இஞ்சின் ரூமுக்கு கண்டிப்பா எறங்குங்க. பாய்லர் எல்லாத்தையும் மாத்தி கட்டும்போதே எடுத்துட்டாங்க, முன்பக்க இஞ்சின் ரூமும் போச்சு, பின்பக்கத்து ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கு. அதுக்கு கிட்டத்துலயே ஹல்லுக்கு வெளிய ஒரு பெட்டி மாதிரி கட்டி, மிச்சம் இருக்கிற ஒரே ஒரு ப்ரொப்பல்லர பாக்க விட்டிருக்காங்க. எட்டிப் பாத்தா கீழ பச்சைத் தண்ணில லைட் வெளிச்சத்துல முப்பது டன்னுக்கு மேல வெயிட்டான நாலு இறக்கை அசையாம கிடக்கு. அப்பா அங்க ரொம்ப நேரம் நின்னார். "சுத்தமா வெச்சிருக்கான்"னு ஒரே வார்த்தை, அவர் வாய்ல அது பெரிய பாராட்டு.

இனி ரெண்டாவது ரிவ்யூ.

1967-ல குனார்டு இந்த கப்பல விக்கப் போட்டப்ப போட்டிக்கு நின்னதுல பழைய இரும்புக்காரங்களும் உண்டு. ஜெட் விமானம் வந்து கப்பல்ல போற ஆளு குறைஞ்சு போன நேரம். லாங் பீச் 34.5 லட்சம் டாலர் குடுத்து வாங்குச்சு. அக்டோபர் 31-ம் தேதி சவுத்தாம்ப்டன விட்டு கிளம்பி, பனாமா கால்வாய்ல நுழையாத சைஸுங்கிறதால தென்னமெரிக்காவோட கேப் ஹார்ன சுத்திகிட்டு, லண்டன் டபுள் டெக்கர் பஸ் ரெண்டு மேல ஏத்திகிட்டு, டிசம்பர் 9-ம் தேதி வந்து சேந்துச்சு. ஆயிரக்கணக்குல சின்ன படகுங்க கடலுக்குள்ள போய் வரவேத்துச்சாம். பப்ளிசிட்டின்னா அதான் பப்ளிசிட்டி, அன்னிக்கு அந்த ஊர் பேர் எல்லா பேப்பர்லயும் வந்திருக்கும்.

ஒரு சிட்டிக்கு கப்பல் வாங்க காசு எங்கருந்து வந்துச்சுங்கிறதுதான் ருசியான விஷயம். எண்ணெய். லாங் பீச்சுக்கு அடில வில்மிங்டன் எண்ணெய் வயல் இருக்கு, அவ்வளவு உறிஞ்சினாங்க, துறைமுகப் பக்கம் நிலமே சில எடத்துல 29 அடி இறங்கிருச்சு, அப்புறம் தண்ணிய உள்ள பம்ப் பண்ணிதான் நிறுத்தினாங்க. கடலோர நிலத்த மாநிலம் 1911-லயே சிட்டிக்கு ட்ரஸ்ட்டா குடுத்துருக்கு, அதுலருந்து வர எண்ணெய் பணத்த ஸ்கூலுக்கோ ரோட்டுக்கோ இஷ்டத்துக்கு செலவு பண்ண முடியாது, துறைமுகம், கப்பல், கடற்கரை சம்பந்தமா இருக்கணும். பணம் கொட்டுது, செலவழிக்க வழி குறுகல், அப்ப ஒரு கப்பல் விலைக்கு வருது. யாரா இருந்தாலும் வாங்கியிருப்பாங்க. கப்பலோட டெக்ல நின்னு கடல பாத்தீங்கன்னா பனைமரமும் கலர் கலரா கோபுரமும் வெச்ச சின்ன தீவுங்க தெரியும், ரிசார்ட்டுன்னு நினைப்பீங்க, அது எல்லாம் எண்ணெய்க் கிணறு, மறைக்கிறதுக்கு போட்ட செட்டு. விண்வெளி வீரர்கள் பேர் வெச்சிருக்காங்க.

வாங்கினது சின்ன செலவு. ஓட்டலாவும் மியூசியமாவும் மாத்தற செலவு அதுக்கு பல மடங்கு போச்சு. 1971 மே மாசம் பொதுஜனத்துக்கு தொறந்தாங்க, ஓட்டல் 1972-ல. மாத்தும்போது ஒரு விஷயம் நடந்துச்சு, எனக்கு அத நினைச்சாலே சிரிப்பு வரும். மூணு புகைபோக்கியயும் கழட்டி எடுத்தாங்க, உள்ள தகடு அரிச்சு போய் பெயிண்ட்தான் அத பிடிச்சு வெச்சிருக்குன்னு தெரிஞ்சுது. நீங்க இப்ப பாக்கிற மூணு சிவப்பு புகைபோக்கியும் அலுமினியத்துல செஞ்ச நகல். அப்பா கேட்ட கேள்விக்கு மேல இருந்தே பதில் வந்துருச்சு.

அப்புறம் ஆரம்பிச்சுது குத்தகை வரலாறு. சிட்டி கப்பலுக்கு ஓனர், நடத்துறது வேற கம்பெனி, இந்த ஏற்பாடுதான் கோளாறே. ராதர் கார்ப்பரேஷன் நடத்திட்டு இருந்துச்சு, அவங்ககிட்ட டிஸ்னிலேண்ட் ஓட்டலும் இருந்துச்சு, 1988-ல டிஸ்னி அந்த ஓட்டலுக்காக கம்பெனியயே வாங்கினப்ப குயின் மேரியும் கூடவே வந்துச்சு. 1990-ல போர்ட் டிஸ்னின்னு கடலோரத்துல பிரமாண்டமா ஒரு திட்டம் அறிவிச்சாங்க, அடுத்த வருஷ கடைசிலயே கைவிட்டாங்க, 1992 முடியும்போது கப்பலயும் விட்டுட்டு போயிட்டாங்க. பக்கத்துல பெரிய வெள்ளை டோம் ஒண்ணு பாப்பீங்க, அதுல ஹோவர்ட் ஹியூஸோட ராட்சஸ மர விமானம் நின்னுச்சு, அதுவும் அப்பவே ஒரேகானுக்கு போயிருச்சு. டிஸ்னியாலயே முடியலன்னா அதுக்கப்புறம் வந்தவங்கள என்ன சொல்றது. 2005-ல அப்ப நடத்தின கம்பெனி, சிட்டியோட வாடகைல கழிச்சுக்கிற கணக்குல சண்டை போட்டு திவால் மனு போட்டுச்சு. 2016-ல இன்னொரு கம்பெனிக்கு 66 வருஷ குத்தகை, அவசர ரிப்பேருக்கு சிட்டி 2.3 கோடி டாலர் கடன் எடுத்து குடுத்துச்சு. அந்த கம்பெனியும் 2021 ஜனவரில திவால்.

இதுக்கு நடுவுல 2017-ல வந்த ஒரு ஆய்வு ரிப்போர்ட், கப்பல முழுசா சரி பண்ண 28.9 கோடி டாலர் வரைக்கும் ஆகலாம்னு சொல்லுச்சு. 2021 ரிப்போர்ட் இன்னும் மோசம், ரெண்டு வருஷத்துக்குள்ள அவசர வேலைக்கு 2.3 கோடி போடலன்னா கவிழ்ற அபாயமே இருக்குன்னு சொல்லுச்சு. 34.5 லட்சத்துக்கு வாங்கின பொருள்! ஆனைய வாங்கலாம், கட்டி தீனி போடறது யாரு. 2021 ஜூன்ல வேற வழி இல்லாம சிட்டியே கப்பல முழுசா கைல எடுத்துகிட்டு, உளுத்துப்போன லைஃப்போட்டுங்கள கழட்டினாங்க (அந்த வெயிட்டு ஓரத்துல தொங்கி ஹல்ல இழுத்துட்டு இருந்துச்சாம்), தண்ணி எறைக்கிற பம்ப மாத்தினாங்க, 2023 ஏப்ரல்ல டூர் திரும்ப ஆரம்பிச்சு, மே மாசம் ஓட்டலும் தொறந்துச்சு. ஓனரே நேரா கவனிக்க ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் நான் போனேன், அந்த கவனிப்பு தெரியுது.

பக்கத்துலயே, அந்த டோம்லதான், கார்னிவல்ங்கிற கம்பெனியோட க்ரூஸ் (சுற்றுலா கப்பல்) டெர்மினல், 2003-லருந்து. புது கப்பல் வருது, ஆயிரக்கணக்குல ஜனம் பெட்டியோட எறங்குது ஏறுது, கப்பல் போயிருது. துறைமுகத்துக்கு காசு வர்ற வழி அதான், இடத்த எடுத்துக்கும், காசு கட்டும், கிளம்பும். இலவச இடம்னு சொல்லும்போது எல்லாரும் கணக்கு போடறது வராத வாடகைய மட்டும், அது இருக்கிறதுலயே சின்ன தொகை. போகாத கப்பலுக்கு வருஷா வருஷம் ஆகிற செலவு யார் தலைலங்கிறதுதான் பெரிய தொகை. அதே ஊர்ல 1975-லருந்து கிராண்ட் ப்ரீ கார் ரேஸ் நடக்குது, ரோட்ட சில நாளைக்கு அடைப்பாங்க, டிவில ஊர் பூரா காட்டுவாங்க, முடிஞ்சதும் தடுப்ப பிரிச்சுட்டு போயிருவாங்க. விளம்பரம்தான் வேணும்னா அந்த மாதிரி டீல் எவ்வளவோ தேவலாம்.

இவ்வளவு திட்டிட்டு ஏன் ஒரு ஸ்டார் குடுக்காம ரெண்டு குடுக்கிறேன்னு கேப்பீங்க. அதுக்கு காரணம் இன்னொரு கப்பல்.

1938-ல குயின் மேரி அட்லாண்டிக்க வேகமா தாண்டின ரெக்கார்ட வெச்சிருந்துச்சு, அத 1952-ல முறியடிச்சது எஸ்எஸ் யுனைடெட் ஸ்டேட்ஸ்ங்கிற அமெரிக்க கப்பல், முதல் பயணத்துலயே. அதுவும் ஜெட் விமானத்தால ரிட்டையர் ஆச்சு. அதுக்கு ஒரு லாங் பீச் கிடைக்கல. 1996-லருந்து ஃபிலடெல்ஃபியால ஒரு பியர்ல (கப்பல் கட்டி நிறுத்தற மேடை) பெயிண்ட் உரிஞ்சு நின்னுச்சு, காப்பாத்த நினைச்ச ஒரு அறக்கட்டளை வாங்கி ஊர் ஊரா இடம் கேட்டுது. பியர்காரங்க 2021-ல ஒரு நாள் வாடகைய 850 டாலர்லருந்து 1,700 ஆக்கினாங்க, கேஸ் கோர்ட்டுக்கு போச்சு, 2024 ஜூன்ல ஜட்ஜ் கப்பல அங்கருந்து எடுத்துட்டு போகச் சொல்லிட்டார். அப்ப வந்தது ஃப்ளோரிடால ஒகலூசா கவுண்டி, எங்களுக்கு வேணும்னு. எதுக்கு? கடல்ல மூழ்கடிச்சு டைவிங் பண்றவங்கள வரவழைக்க, உலகத்துலயே பெரிய செயற்கை பவளப்பாறைன்னு விளம்பரம் பண்ண. மொத்தம் ஒரு கோடி டாலர் திட்டம். 2025 பிப்ரவரில இழுத்துட்டு கிளம்பி அலபாமால மொபீல்ங்கிற ஊர்ல கொண்டு போய் அத சுத்தம் பண்ண நிறுத்தினாங்க.

இத அப்பாகிட்ட சொன்னப்ப அவர் யோசிக்கவே இல்ல. "புத்திசாலிப் பசங்க. அடில போயிட்டா பெயிண்ட் செலவு மிச்சம்."

யோசிச்சு பாத்தா ஒகலூசா போட்ட டீல்தான் கணக்குப்படி சுத்தமான டீல், ஒரே தடவை செலவு, மெயின்டெனன்ஸ் கிடையாது, பேர் நிரந்தரம். ஆனா நாலு குழாயும் கண்ணாடி கப்பல் நகர்ற மேப்பும் ஒரு பொண்ணு ரெயிலிங்ல சாஞ்சு ஃபோட்டோ எடுத்துக்கிற டெக்கும் அதுல இருக்காது. லாங் பீச் கணக்கு தெரியாம போட்ட டீலால 1936 கப்பல் ஒண்ணு இன்னும் மிதக்குது. அந்த ரெண்டாவது ஸ்டார் அதுக்குத்தான்.

வேணாம்னு சொன்ன ஊரும் உண்டு. 2005-ல சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு ஐயோவா போர்க்கப்பல மியூசியமா வெச்சுக்கிறீங்களான்னு வாய்ப்பு வந்துச்சு, ஊர் நிர்வாக போர்டு ஓட்டு போட்டு வேணாம்னுட்டாங்க, காரணம் செலவு கூட இல்ல, ஈராக் போர் மேலயும் ராணுவக் கொள்கை மேலயும் இருந்த கோபம். அந்த கப்பல் 2012-லருந்து சான் பெட்ரோல, குயின் மேரிக்கு பாலம் தாண்டி கொஞ்ச தூரத்துல நிக்குது. சான் டியேகோல மியூசியமா நிக்கிற மிட்வே விமானந்தாங்கி கப்பல் இன்னும் நல்ல உதாரணம், 2004-ல தொறந்தது, லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு டிக்கெட் காசுலயும் வாலன்டியர்ங்க உழைப்புலயும் நடத்துது, வருஷத்துக்கு பத்து லட்சம் பேருக்கு மேல வராங்க. அங்க யாரு பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு கேட்டா ஒரே பதில்தான் வரும். லாங் பீச்ல ரொம்ப காலம் அந்த கேள்விக்கு சிட்டி கம்பெனிய காட்டும், கம்பெனி சிட்டிய காட்டும்.

போறவங்களுக்கு சில விஷயம். வார நாள்ல போங்க, காலைல போனா டெக்ல நிம்மதியா நடக்கலாம். கார்னிவல் கப்பல் வர்ற நாளா இருந்தா அந்த பக்கம் டிராஃபிக் ஜாஸ்தி, முன்னாடியே பாத்துக்கங்க. வெறும் டிக்கெட்டோட நிறுத்தாம கைடு கூட வர்ற டூர் எடுங்க, சரித்திர டூர், பேய் டூர் இல்ல, இஞ்சின் ரூம் உள்ள படிக்கட்டு செங்குத்து, முட்டி வலி உள்ள பெரியவங்கள கூட்டிட்டு போனா மெதுவா எறங்க வைங்க. ஐயோவாவயும் இதயும் ஒரே நாள்ல பாக்கலாம்னு ப்ளான் போடாதீங்க, ரெண்டும் பாதி பாதியாத்தான் ஆகும். தங்கலாமா வேணாமான்னா பழைய பொருள் மேல ஆசை இருந்தா ஒரு ராத்திரி, இல்லன்னா பகல் டூர் போதும்.

கப்பலுக்கு அரை ஸ்டார் குறைச்சது பாய்லர் ரூம் போயிருச்சுங்கிற வருத்தத்துல. லாங் பீச்காரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னா, கீழ ஒரு காலி ஹால்ல இந்த பண விவகாரத்தயும் ஒரு எக்ஸிபிஷனா வெச்சிருங்க, 1967 விலை, எண்ணெய் பணம், டிஸ்னி, திவால், ரிப்போர்ட் எல்லாம் வரிசையா. அந்த அரிச்சுப்போன பழைய புகைபோக்கித் தகடு எங்கயாவது ஒரு துண்டு மிச்சம் இருந்தா அதயும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைங்க. நான் அதுக்கு தனியா டிக்கெட் எடுப்பேன்.